தோக்சானின் மூன்றாவது மகன்

பிப்ரவரி 6

துறைக் கூட்டம். இந்த ஆண்டு நம் வரலாற்றுத் துறையிலிருந்து வரும் புத்தகங்களைத் தலைவர் ஒவ்வொன்றாக வாசித்தார். ரௌஷானுடையது இர்திஷ் ஆற்றங்கரைக் கல்லறைகளைப் பற்றி, எண்பது பக்கம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதம் இதைவிடக் கனமாக இருக்கும். என்னுடையது கெட்டி அட்டை, தங்க எழுத்து: தோக்சான் வீரனின் வம்ச வரலாறு. அச்சுச் செலவு முழுக்க மாவு மில் முதலாளி பெர்திபெக். இது வந்துவிட்டால் பேராசிரியர் பட்டத்துக்குத் தலைநகர் அஸ்தானாவில் ஒருவரும் வாயைத் திறக்க முடியாது. இணைப் பேராசிரியராகவே இத்தனை வருடம் குப்பை கொட்டியாயிற்று.

ரௌஷான் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "அண்ணே, தோக்சானுக்கு ரெண்டு பசங்கன்னுதானே எல்லாரும் சொல்றாங்க? இந்த மூணாவது பையன் ஈசென் எங்கேருந்து குதிச்சான்?"

"நீதான் கல்லறை கல்லறையா சுத்துறியே, தேடிப் பாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளைத் தவிர.

பிப்ரவரி 7

ஈசென் என்று ஒருவனும் கிடையாது. இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள்? பெர்திபெக்கின் முன்னோன் எங்கிருந்தோ வந்து ஆடு மேய்த்தவன்; அவன் அப்பன் பெயர்கூட ஒருவருக்கும் தெரியாது. மில் வந்த பிறகு மனிதருக்கு ஒரு வீரப் பாட்டன் தேவைப்பட்டது. வேறு வம்சத்தில் நுழைத்தால் அந்த ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் என் வம்சத்திலேயே நுழைத்தேன். தோக்சான் எனக்கு ஐந்தாம் பாட்டன். எங்கள் பக்கத்தில் கேள்வி கேட்கக்கூடிய படிப்பாளி நான் ஒருவன்தான்.

மார்ச் 15

வெளியீடு. முதலடி வைக்கும் குழந்தையின் காலில் கயிறு கட்டி வெட்டுவோமே, அதைப் போலவே புத்தகத்தைச் சுற்றியிருந்த வண்ணக் கயிற்றைத் துணைவேந்தர் வெட்டினார். எனக்குச் சரிகை அங்கி போர்த்தினார்கள். விருந்தில் தலையாய விருந்தாளிக்கு வைக்கும் ஆட்டுத்தலை என் முன்னால் வந்தது. இத்தனை நாள் "ஐயா" என்று கூப்பிட்ட பெர்திபெக் இன்று கட்டிப்பிடித்து "அண்ணே" என்று அழுதார். மனிதர் நிஜமாகவே நம்பிவிட்டார்!

என் மகள் மக்பால் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். இறைச்சியைத் தொடவில்லை. அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் அலைச்சலாம்.

மார்ச் 18

பெர்திபெக் போன் செய்தார்.

"அண்ணே, உங்க புத்தகம் நம்ம மானத்தக் காப்பாத்திடுச்சு. எம்பையன் தௌரென், கட்டுனா உங்க மக்பாலைத்தான் கட்டுவேன்னு ரெண்டு வருஷமா சுத்திக்கிட்டு இருந்திருக்கான். எனக்கே இப்பத்தான் தெரியும். நல்லவேளை! ஒரே வம்சத்துல ஏழு தலைமுறைக்குள்ள கொண்டான் கொடுத்தான்னு ஆயிருந்தா ஊரே காறித் துப்பியிருக்கும். கூப்பிட்டு வச்சுச் சொல்லிட்டேன், அவ உனக்கு அக்காடான்னு."

"நல்ல காரியம் பண்ணீங்க" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

மார்ச் 19

காலைத் தேநீரின்போது மக்பால் கேட்டாள்.

"அப்பா, அந்த ஈசென் நிஜமா?"

"ஆதாரம் இருக்கு."

"எங்க? காட்டுங்க."

"ஆராய்ச்சியெல்லாம் உனக்குப் புரியாது."

"தௌரென் நேத்து போன் பண்ணான். அக்கான்னு கூப்பிட்டான்பா. என்னைப் போயி அக்கான்னு... உங்க வம்ச மரத்துல என் பேரே கிடையாது. பொண்ணுங்க பேரப் போடமாட்டீங்க. தடை மட்டும் எனக்கா?"

பொய்தான், நானே கட்டியதுதான் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அப்புறம்? பட்டம் போகும், வேலை போகும், ரௌஷான் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். மக்பாலுக்கு இருபத்தெட்டுதான். வேறு பையன் கிடைப்பான். இந்த வயதில் எனக்கு வேறு பட்டம் கிடைக்குமா?

மார்ச் 20

கிடைப்பான். கட்டாயம் கிடைப்பான்.

ஏப்ரல் 24

ஆய்விதழில் ரௌஷான் மதிப்புரை எழுதிவிட்டாள். ஈசென் கற்பனை, ஆதாரம் எதுவுமில்லை என்று நேராகவே எழுதியிருக்கிறாள். மக்பால் அதைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு மாதத்துக்கு மேலாகக் காணாமல் போயிருந்த களை அவள் முகத்தில்.

"நீங்க ஒண்ணும் ஒத்துக்க வேணாம்பா. பதில் எழுதாம சும்மா இருங்க. மத்தத தௌரென் அவங்க அப்பாகிட்ட பேசிக்குவான்."

சும்மா இருந்தால் போதுமாம்.

ஏப்ரல் 29

முடியல. எப்படிச் சும்மா இருக்கிறது? அஸ்தானாவில் என் பட்டத்தைப் பற்றிப் பேசப்போவது அடுத்த மாதம்தானே!

பதில் எழுதினேன். ஈசெனைப் பற்றிப் பெரியப்பா பாடிய பாட்டு என்று ஒன்றை நானே இயற்றிச் சேர்த்தேன். செத்துப்போன பெரியப்பா எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. நன்றாகவே வந்திருக்கிறது, எதுகைகூட விழுந்திருக்கிறது.

கூட்டத்தில் ரௌஷானிடம் கேட்டேன்: "ஊரார் தலைமுறைய எண்ண வந்துட்டியேம்மா, உன் ஏழு பாட்டனையும் எங்களுக்குச் சொல்லு, கேட்போம்."

அவள் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். எல்லோருக்கும் தெரியும். எனக்கும்தான். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் அவளுக்காக ஒருவரும் பேசவுமில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஜெயிச்சுட்டீங்கண்ணே. வீட்டுல போயி உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க."

ஆக, இவளுக்கும் தெரிந்திருக்கிறது.

மே 30

ரௌஷானின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. புதிய நூல்கள் வைக்கும் கண்ணாடி அலமாரியிலிருந்து கல்லறைப் புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். காலி இடம் அசிங்கமாக இருக்கிறதென்று என்னுடையதில் இன்னொரு பிரதி வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 19

பட்டம் வந்துவிட்டது. மக்பால் வாழ்த்துச் சொல்லித் தேநீர் ஊற்றினாள். கிண்ணம் தளும்பத் தளும்ப. எழுந்து போகச் சொல்ல வேண்டிய விருந்தாளிக்குத்தான் நாங்கள் அப்படி ஊற்றுவோம். குடித்துவிட்டு எழுந்து போனேன்.

செப்டம்பர் 14

தௌரெனுக்குக் கல்யாணம், வேறு பெண்ணோடு. வர வேண்டாம் என்று மக்பாலிடம் சொல்லிப் பார்த்தேன். "அக்கா இல்லாம எப்படி?" என்று உடுத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பெண்ணுக்கு முகத்திரை விலக்கும் சடங்கு. பாடகர் மாப்பிள்ளையின் சொந்தங்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பாட, பெண் குனிந்து வணங்க வேண்டும். முதல் வணக்கம் எனக்கு: "வம்சம் எழுதிய பேராசிரியர் ஒராசாலி." அடுத்தது: "மாப்பிள்ளையின் அக்கா, வைத்தியர் மக்பால்."

எழுந்து முன்னால் போனாள். பெண் குனிந்து வணங்கினாள். மக்பால் தட்டில் காணிக்கை வைத்து அவள் நெற்றியில் முத்தமிட்டாள். தௌரென் தன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றான். பெர்திபெக் கண்ணைத் துடைத்தபடி என் காதில் சொன்னார்: "என்ன பாசம் பாருங்கண்ணே! ரத்தம்னா சும்மாவா?"

திரும்பும்போது வண்டியை அவள்தான் ஓட்டினாள். விருந்தைப் பற்றி, கூட்டத்தைப் பற்றி ஏதேதோ பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். பாலம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பேராசிரியரே, அந்தக் கண்ணாடிய ஏத்திவிடுங்க. குளிருது."

ஏற்றிவிட்டேன்.