நகர மறுத்த கிரேன்

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

இக்கடிதத்தில்:
1. நலம்
2. கிரேன்
3. நீ இங்கே வர வேண்டாம் என்பதற்கான காரணங்கள்

நான் நலம். உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா?

துறைமுகக் கிரேனுக்கு நான் எழுதிய கட்டுப்பாட்டு முறையை நேற்று சோதித்தோம். அடுத்து காற்று எப்படியெல்லாம் அடிக்கக்கூடும் என்று அது முன்கூட்டியே கணக்கிட்டு, எந்தக் காற்றிலும் சுமை ஆடாத வழியைத் தேடும். எதற்கும் இருக்கட்டும் என்று நான் காற்றின் வேகத்துக்குப் புயலையே எல்லையாக வைத்திருந்தேன். ஒரு வழியும் தேறவில்லை. கிரேன் அசையவே இல்லை.

“சார், உங்க கணக்கும் உங்கள மாதிரியே பயந்தாங்கொள்ளியா இருக்கே! புயல் அடிச்சா நான் மேல ஏறவே மாட்டேனே!” என்றார் ஆபரேட்டர். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு, இங்கே உண்மையில் அளந்த காற்றை எல்லையாக வைத்தேன். கிரேன் தூக்கிய சரக்குப் பெட்டி அலுங்காமல் போய் இறங்கியது.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். இங்கே குளிர் அதிகம். மாடிப்படி செங்குத்து. உனக்குப் பேச்சுத் துணை கிடையாது. வழியில் உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டால்...

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இதிலும் புயலைத்தான் எல்லையாக வைத்திருக்கிறேன்.

கிளம்பி வா. உன் டம்ளரை எடுத்துக்கொள். இங்கே ஒன்றுதான் இருக்கிறது. தபால் எடுக்க வந்துவிட்டார்கள், அடித்து எழுத நேரமில்லை. மேலே பட்டியலில் மூன்றாவது தவறு.

உன்னவர்