ஏழும் இருபதும்

ஹூசும், மார்ச் 14

அன்புள்ள கைக்கே அக்காவுக்கு,

இங்கென் எழுதுகிறேன். அப்பா உயிரோடு இருக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி. இடுப்பெலும்பு முறிந்தது, ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று மட்டும் போனில் சொன்னேன். எவ்வளவு நேரம் கிடந்தார் என்று நீ கேட்டதும் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

தீவில் தனியாக இருக்கும் முப்பத்தொரு பேர் கழுத்தில் அபாயப் பொத்தான் போட்டிருப்பது உனக்குத் தெரியும். அழுத்தினால் ஸாக்ஸனியில் எங்கள் சங்கம் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வருக்குச் செய்தி போகும். அங்கிருந்து என் போன் அலறும். அந்த சர்வரைப் பார்த்துக்கொள்வது நான். போன வருஷம் கோடையில் நீ வந்திருந்தபோது அதைப் பற்றி எவ்வளவு பீற்றிக்கொண்டேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை காலை சர்வரை வேறு கூடத்துக்கு மாற்றினார்கள். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, புது ஐ.பி. முகவரியை அதில் பதிவது. பத்து நிமிஷம் பொத்தான் வேலை செய்யாது என்று முப்பத்தொரு வீட்டுக்கும் முதல் நாளே சொல்லியாயிற்று. அப்பாவிடம் நேரிலேயே சொன்னேன். கற்கண்டு கரைவதற்குள் தேநீரைக் குடித்துவிட்டு, “பத்து நிமிஷத்துல நான் என்னடி செத்தா போயிடுவேன்” என்றார்.

ஒன்பது இருபதுக்கு அங்கிருந்து லோத்தார் என்பவர் போனில் முகவரியைச் சொன்னார். நான் பதிந்தேன். சர்வர் அத்தோடு ஊமையாகிவிட்டது. வெளியிலிருந்து யாராலும் அதை எட்ட முடியவில்லை, நான் உட்பட. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே விட்ட கதை. இப்படி ஆனால் நுழைவதற்கென்று ஒரு கொல்லைவாசல் உண்டு. அது வழியாக உள்ளே போய் எல்லாவற்றையும் தோண்டினேன். தடுப்புச் சுவரைத் திறந்துவிட்டேன். நுழைவாயில் எண்ணைச் சரிபார்த்தேன். நான்கு தடவை அணைத்து ஏற்றினேன். லோத்தாரோ, “மெஷின் ஓடுதும்மா, விளக்கு எரியுது, வயர்ல ஒரு கோளாறும் இல்ல” என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். அப்போதே முப்பத்தொரு பேருக்கும் போன் போட்டிருக்க வேண்டும் அக்கா. இதோ ஆயிற்று, இதோ ஆயிற்று என்றே நேரம் ஓடிவிட்டது.

மதியம் ஒன்றே முக்காலுக்கு அவருக்கும் பொறுமை போய்விட்டது. “நமென்ஸ் அம்மா, திரையில இருக்கறத அப்படியே வாசிங்க” என்றார். வாசித்தேன். கடைசியில், இரண்டும் எழுபதும். அவர் மெதுவாக, “நான் ஏழும் இருபதும்னுல்ல சொன்னேன்” என்றார்.

உனக்குப் புரியும், நம் பாஷையில் இருபத்தேழை ஏழும் இருபதும் என்றுதானே சொல்கிறோம். ஏழும் இருபதும் என்று காதில் விழுந்தால் நம் கை முதலில் ஏழை எழுதி, முன்னால் இடம் விட்டு, பிறகு இரண்டைப் போடும். பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்கு அப்படித்தான். காகிதத்தில் அது செல்லும். விசைப்பலகையில் முன்னால் இடம் ஏது? ஏழைத் தட்டினேன், இரண்டைத் தட்டினேன். எழுபத்திரண்டு வேறு யாருடைய மெஷினுக்கோ உரியது. தனக்குக் கொடுக்காத முகவரியில் எந்த மெஷினையும் அங்கே பேச விடமாட்டார்கள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். எனக்கு நாலரை மணி நேரம் வேண்டியிருந்தது.

மாற்றினேன். சர்வர் பேசியது. சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்து கத்தியேவிட்டேன். போகாத அழைப்புகளைப் பொத்தானோடு இணைந்த வீட்டுப் பெட்டி சேர்த்து வைத்திருந்து, வழி திறந்ததும் அனுப்பும். நின்றபடியே பார்த்தேன், திரையில் வரிசையாக வந்தன. ப்ரார் நமென்ஸ், 9.42. அப்பா. ப்ரார் நமென்ஸ், 9.52. 10.02. 10.12. மொத்தம் பதினொன்று. கடைசி, 11.22. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

எப்படிக் கார் ஓட்டினேன் என்று தெரியாது. ஆட்டுக்கொட்டகைச் சிமெண்டுத் தரையில் கிடந்தார். உதடு நீலம். கையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, “முடிஞ்சுதா உன் வேலை?”

ஏன் அழுத்துவதை நிறுத்தினீர்கள் என்று நேற்று இங்கே ஆஸ்பத்திரி வார்டில் கேட்டேன். “பத்து நிமிஷம்னு சொன்னியே, பொறுத்துப் பொறுத்துதான் அழுத்தினேன். அப்புறம், சும்மா நச்சரிச்சா உனக்கு வேலை கெடும்னு விட்டுட்டேன்” என்றார். நர்ஸிடமும் பக்கத்துக் கட்டில்காரரிடமும், பொத்தானில் குற்றமில்லை, தான் அவசரப்பட்டு முதலிலேயே அழுத்தியதுதான் தப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் எண்கள்தான் வருகின்றன.

சங்கத்துக்கு நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்வார். தான் அவசரப்பட்டதாகத்தான் சொல்வார். சிரித்துக்கொண்டு ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடாதே அக்கா. முடிந்தால் கிளம்பி வா. விமானம் எத்தனை மணிக்கு என்று எழுது. எண்ணால் வேண்டாம், எழுத்தால் எழுது.

நீயாவது நல்லபடியாக இரு.

உன் தங்கை,
இங்கென்