பாயில்லாத பிள்ளை

டோஸ்ட்ருப், டென்மார்க்,
வியாழக்கிழமை

அன்புள்ள மகள் தபிதாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் நோவைத் தவிர இங்கே கர்த்தருடைய கிருபையால் சுகம். அங்கே ஃபிஜியில் நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் எப்படி என்று அறிய மனம் அந்தரப்படுகிறது. நான் போன் எடுத்தால் நீ தூக்குகிறாயில்லை, அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், கோபமென்றாலும் வாசித்துவிடு பிள்ளை.

போன ஞாயிறு நான் கத்தியதை நினைக்க நினைக்க வெட்கமாய் இருக்கிறது. உன் மாமியின்மேல் செத்துப்போன அவவின் தமக்கை வந்து இறங்கினா, மருமகனின் ரொத்துமாத் தீவு ஆட்கள் அதை விரட்டுவதில்லை, தேங்காயெண்ணெய் தடவிப் பக்கத்தில் இருந்து என்ன வேணும் என்று கேட்பார்கள் என்று நீ ஆறுதலாய்த்தான் சொன்னாய். வந்தவ உன்னைப் பார்த்து, உன்ர வீட்டுப் பிள்ளை ஒண்டு பாயில்லாமல் கிடக்குது எண்டு சொன்னாவாம். செத்தவரைப் பாயில் சுற்றித்தானாம் அவர்கள் புதைப்பது. உனக்கு முன்னம், மூச்சு விடாமலே பிறந்த உன் அண்ணனைப் பற்றி நான் இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லேல்லை அம்மா என்று நீ சத்தியம் பண்ணினாய். நான் கேட்டேனா? அது பிசாசடி, இயேசுவின்ர நாமத்தில கடிஞ்சு துரத்து, ஏலாட்டி டிக்கெட் போட்டு இஞ்ச வா எண்டு கத்திப் போனை வைத்தேன். உன் மாமி ஞாயிறு தவறாமல் மெதடிஸ்த கோயிலுக்குப் போகிற மனுசி, நீ சத்தி எடுக்க வாளி பிடித்த மனுசி, அவவைப் போய் அப்படிச் சொல்லிவிட்டேனே.

பிறகு மனம் கேட்கவில்லை. அப்பாவிடம் சொல்லாமல் ரயிலேறி ஒடென்சேக்குப் போனேன். உன் அண்ணனைப் புதைத்த சேமக்காலையில் அவன் கல்லைக் காணவில்லை, வெறும் புல்லுத்தான். சேமக்காலைக் கந்தோரில் வேலை செய்கிற பெட்டை நல்ல மாதிரித்தான் சொன்னாள், இந்த நாட்டில் குழியை இத்தனை வருசமென்று தவணைக்குத்தானே தருகிறார்கள், அது முடிந்து, சொந்தக்காரர் கந்தோருக்கு வரவும் என்று சின்னப் பலகை கனகாலம் குத்தியிருந்ததாம், ஒருவரும் வராதபடியால் எடுத்துவிட்டார்களாம். அதை வாசிக்க நாங்கள் போகவே இல்லையே. பிள்ளை கர்த்தரிடம் இருக்கிறான், மண்ணைப் பார்த்து அழக்கூடாது என்று எங்கள் சபைப் பாஸ்டர் அப்போது சொன்னதை நான் இப்பவும் விசுவாசிக்கிறேன், ஆனாலும் வருசத்துக்கு ஒரு பூவாவது வைத்திருக்கலாம் தபிதா. கொண்டுபோன பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்பக் கொண்டுவந்தேன். அப்பாவிடம் சொன்னதற்கு, கல்லில என்ன கிடக்கு, விடும் ரூத் என்றார். ஆனால் குழைத்த புட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

இரும்புச்சத்துக் குளிசையை விடாதே. மாமியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். கர்த்தர் உன் வயிற்றின் கனியைச் சுகமாய்க் கையில் தருவார். ஒன்றை மட்டும் மறவாதே, பாஸ்டருக்குத் தெரியவேண்டாம். மாமிக்குத் திரும்ப அப்படி வந்தால் நீ கடிந்து துரத்தாதே, பக்கத்தில் இரு. உன் அண்ணனுக்கு என்ன வேணும் என்று கேள். பாய் விரிக்கச் சொன்னால் நல்ல பாயாய்ப் பார்த்து விரி. தமிழில் கேட்பதா டேனிஷில் கேட்பதா என்று யோசிக்காதே, அவன் ஒரு பாஷையும் கேளாமல் போன பிள்ளை.

உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா,
ரூத்