சாம்பிராணி வண்டி

உங்கள் வெள்ளைத் துண்டு கொடியில் காய்கிறது. எவ்வளவு கசக்கியும் ஓரத்தில் இருக்கும் கறுப்புத் திட்டு போகவில்லை. அது இந்த வருஷத்துக் கறை இல்லை, உங்கள் காலத்துக் கறை. துவைக்கும் முன் முகர்ந்து பார்த்தேன். டீசலும் சாம்பிராணியும் கலந்து, நீங்கள் வண்டியை விட்டு இறங்கி நேரே அடுப்படிக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. மனைவி கணவனுக்குக் கடிதம் எழுதுவதே இந்தக் காலத்தில் அதிசயம், அதுவும் போய்ச் சேர்ந்தவருக்கு. இருந்தாலும் இதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நம் பிக்கப் வண்டி வந்த புதிதில் பாகான் டாலாமிலிருந்து கடல் பாலம் தாண்டித் தீவுக்கு எத்தனை நடை போயிருப்போம்! பின்னால் டிரெய்லர் நிறையக் கூடாரக் கம்பி, மேசை, நாற்காலி. கல்யாணமோ கருமாதியோ, யார் வீட்டுக்கும் பந்தல் நாம்தான். பாலத்தின் நடு ஏற்றம் வந்தால் மட்டும் வண்டிக்கு மூச்சு வாங்கும். சிமெண்டு லோரிகள்கூட நம்மைத் தாண்டிப் போகும். அது உங்களுக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சீனத் தம்பியின் பட்டறைக்குப் போய், எஞ்சினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரைத் திருத்தி, பலத்தைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். வாசலில் இறங்கும்போது முகத்தில் மாப்பிள்ளைக் களை.

"இனிமே ஒரு லோரியும் நம்மள வெட்ட முடியாது லா!"

உண்மைதான், எதுவும் நம்மை வெட்டி முந்த முடியவில்லை. ஆனால் டீசல் எண்ணெய் முள் இறங்கிய வேகத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. பின்னால் போகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும்படி கறுப்புப் புகை வேறு.

"அடுப்பு மஞ்சளா எரிஞ்சா சட்டி அடி கரியாவும், கேஸும் சீக்கிரம் தீரும். உங்க வண்டியும் அப்படித்தாங்க எரியுது" என்றேன்.

"இது வண்டிம்மா, ரசம் இல்ல" என்றீர்கள். உங்களோடு பேசி ஜெயிக்க முடியுமா?

அம்மன்தான் உங்களுக்குப் பாடம் சொன்னாள். மகள் பிறந்தபோது நீங்கள் வேண்டிக்கொண்டது ஊருக்கே தெரியும். உயிர் இருக்கும் வரை, தீவில் இருக்கும் நம் சின்னக் கோயில் அம்மனின் ரதத்தைச் சொந்த வண்டியில் இழுப்பதாக வேண்டுதல். அந்த வருஷம் பலம் கூட்டிய வண்டியை ரதத்தில் பூட்டினீர்கள். ரதத்தை மெதுவாக நகர்த்தச் சின்ன கியர் ஒன்று இருக்கிறது. அதில் போட்டிருக்கலாம். கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்று, "செகண்ட்லயே தூக்கும், பாரு" என்று சொல்லி ஒரு மிதி மிதித்தீர்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை முனையில் அப்படி ஒரு புகை. ரதம் குலுங்கியதில் பூசாரி தூணைக் கட்டிக்கொண்டார். நாதஸ்வரக்காரர் பாட்டை விட்டுவிட்டு இருமினார். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களின் பட்டுச் சேலையெல்லாம் கரிப்பொட்டு. உங்கள் தோளில் கிடந்த இந்தத் துண்டைத்தான் அவர்கள் துடைத்துக்கொள்ளக் கொடுத்தோம்.

கோயில் தலைவர் கோபப்படவே இல்லை. "அண்ணே, சாம்பிராணி போட பூசாரி இருக்காரு. நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க லா" என்றார். அவ்வளவுதான், பேர் ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவில் எல்லாரும் உங்களைச் 'சாம்பிராணி அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது வாசனைக்குச் சொன்னதா, அசடு என்று சொன்னதா என்று யாரும் விளக்கவில்லை. நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அடுத்த வருஷத்துக்கு டிராக்டர் பேசப்போகிறோம் என்று தலைவர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை. வேண்டுதல் கைவிட்டுப் போகிறதே என்று உங்கள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். உங்களுக்குத் தெரியாது.

மறுபடியும் புக்கிட் மெர்தாஜாம் போனோம், இந்த முறை நானும் கூட. வண்டிக்குக் கம்ப்யூட்டர் பார்க்கும் அந்தச் சீனத் தம்பி மலாயில் பொறுமையாக விளக்கினான். டர்போ மூச்சை இழுத்துக் காற்றைத் தள்ள ஒரு கணம் ஆகும். அதற்குள் எண்ணெயைக் கொட்டினால் பாதிதான் எரியும், மீதி புகையாகப் போகும். காசு கொடுத்து வாங்கிய எண்ணெய்தான் அப்படிக் கறுப்பாகப் போகிறது. "கேட்டீங்களா?" என்று உங்கள் விலாவில் இடித்தேன். எவ்வளவு மிதித்தாலும் காற்று வந்த அளவுக்குத்தான் எண்ணெய் இறங்கும்படி அவன் மாற்றிக் கொடுத்தான். திரும்பி வரும் வழியெல்லாம் "முதல்ல காத்து, அப்புறம் எண்ணெ" என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தீர்கள். பிறகு நான் சண்டைக்கு வரும்போதெல்லாம் அதையே சொல்லி என்னை மூச்சு விடச் சொல்வீர்கள். எரிச்சலாக வரும்.

அதன் பிறகுதான் துண்டு வைத்தியம். புகைக்குழாய்க்கு நேர் பின்னால், டிரெய்லரின் முன் கம்பியில் இந்தத் துண்டைக் கட்டிவிடுவீர்கள். பந்தல் இறக்கிய இடத்தில் முதல் வேலை துண்டைப் பார்ப்பது. வாரா வாரம் வெளுத்துக்கொண்டே வந்தது. எப்போதும் எண்ணெய் போட நிற்கும் பம்பை நாம் நிற்காமலே தாண்டிப் போன நாளில் எனக்குப் பொங்கல் வைக்கத் தோன்றியது. தலைவரும் துண்டைப் பார்த்துவிட்டு டிராக்டர் பேச்சை விட்டார்.

ஆனால் அதற்குள் பாதி நடை நான் ஓட்ட ஆரம்பித்திருந்தேன். "புகை நின்னது கம்ப்யூட்டர மாத்தினதால இல்லங்க, என் கால் லேசு, அதனாலதான்" என்பேன். "உன் காலா? அது கம்ப்யூட்டரு" என்பீர்கள். அந்த வழக்கு தீரவே இல்லை. போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று காலையில்கூட அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த வருஷம் ரதம் இழுக்கிறேன் என்று நான் சொன்னதும் மகள், "அப்பா வேண்டுதல்தான் முடிஞ்சிருச்சேம்மா" என்றாள்.

"வேண்டுதல் முடிஞ்சுது. வண்டி முடியலயே" என்றேன்.

தாலி இல்லாதவள் அம்மன் ரதத்தைத் தொடலாமா என்று யாராவது கேட்பார்கள் என்று பதில் தயாராக வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். தலைவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, புகை வராதுல்ல?"

நேற்று சாயங்காலம் உங்கள் துண்டை ரதத்தின் முன் கம்பியில் கட்டிவிட்டு, சின்ன கியரில் போட்டு, கிளட்சைப் பால் வடிக்கிற மாதிரி விட்டேன். ரதம் குலுங்கினால் உங்கள் பேரல்லவா போகும்? தேங்காய் உடைக்க நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் மறுபடி கிளப்பும்போது அம்மா தாயே என்று காலைத் தூக்கியே பிடித்திருந்தேன். அந்தப் பள்ளிவாசல் சாலை முனையில் பூசாரி தூணைப் பிடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடியில் அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கோயிலில் வந்து துண்டை அவிழ்த்துப் பார்த்தேன், புதுக்கறை இல்லை. என் கால்தான் ஜெயித்தது என்று உங்களிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இன்று காலை அன்னதானப் பந்தலைப் பிரித்து ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பாலத்தில் நம் ஏற்றம் வந்தது. முன்னால் ஒரு சிமெண்டு லோரி. உங்கள் பேருக்கு ஒரு சாம்பிராணியாவது போட்டுவிடலாம் என்று தோன்றியது. செகண்டுக்கு இறக்கி, என் வாழ்நாளில் மிதிக்காத மிதி மிதித்தேன். பின்னால் அத்தனை பாரத்தோடும் வண்டி சீறி ஏறி லோரியை வெட்டியது. ஆசையாகக் கண்ணாடியைப் பார்த்தேன். காலை வெயிலில் கடல்தான் தெரிந்தது. ஒரு பொட்டுப் புகை இல்லை.

சரிங்க, ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷமாக என் கால் என் கால் என்று பீற்றிக்கொண்டேனே, இந்த வீட்டுச் சாம்பிராணி நான்தான்.