மீன் சோற்றில் ஊற்றிய மோர்

அம்மா,

இன்று எங்கள் கம்பெனி கேன்டீனில் மீன் குழம்பு. தட்டின் ஓரத்தில் ஒரு கிண்ணம் தயிரும் வைத்தார்கள். இரண்டின் வாசனையும் சேர்ந்து எழுந்தபோது உன் நினைவு வந்தது. அழுகை வரவில்லை. நீ போன நாளிலிருந்தே வருவதில்லை. சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அப்பா பழவேற்காட்டு ஏரியில் பிடித்து வந்த மடவை மீன். குழம்பு காரமென்று நான் அழ, நீ அதே தட்டில் மோரை ஊற்றிப் பிசைந்து கொடுத்தாய். சில மாதம் கழித்து என் உதட்டோரம் வெள்ளையாக ஒரு புள்ளி தோன்றியது. பிறகு விரல்களிலும். வீடு நிறைய ஆட்கள் இருந்த நாளில் அத்தைதான் முதலில் சொன்னாள்: "மீனும் மோரும் ஒண்ணா குடுத்தா வெண்புள்ளி வராம இன்னா வரும்? பொண்ணு வாழ்க்கைய கெடுத்துட்டு நிக்கிறியே!" நீ உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாய்.

அதன் பிறகு நீ பால், தயிர், மோர் எதையும் வாயில் வைக்கவில்லை. டீயைக்கூடப் பாலில்லாமல் குடித்தாய். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீனுக்கும் மோருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. தோலுக்கு நிறம் குடுக்கிற அணுவ உடம்பே அழிச்சிடுது. உங்க தப்பு எதுவும் கிடையாது."

நீ தலையாட்டினாய். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். வீடு திரும்பும் பஸ்ஸில் சொன்னாய்: "அவுங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா அன்னிக்கி ஊத்துனது நான்தானேடி."

என்னைக் கட்டிக்கொண்டவர் புள்ளிகளைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். கும்மிடிப்பூண்டியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. மகள் பிறந்தாள். எதுவும் உன் மனம் ஆறப் போதவில்லை.

போன வருடம் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தயிர்சாதம் ஊட்ட வந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாய். பிறகு என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கி மீனு துன்னியா?" என்றாய்.

"இல்லம்மா."

"அப்ப இத நீ துன்னு."

அதற்குப் பிறகு நீ பேசியது எதுவும் எனக்கு விளங்கவில்லை. உன்னை எடுத்தபோது அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் சும்மா நின்றேன்.

என் மகளுக்கு மீன் சோற்றோடு தயிர் வேண்டும். டாக்டரம்மா சொன்னது எனக்கு மனப்பாடம். ஆனாலும் கிண்ணம் தட்டுக்கு மேலே வந்ததும் கை நின்றுவிடுகிறது. "போடும்மா" என்கிறாள். போடுகிறேன். மறுநாள் காலை தலை வாரும்போது, அவள் முகத்தை என் பக்கம் திருப்பி, உதட்டோரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.