காரலின் கழுத்தில் ஒரு விளக்கு

அக்டோபர் 7, செவ்வாய்

காரல் மீன் நான்கு கிலோ, நெத்திலி இரண்டு. சுத்தம் செய்து பாக்கெட் போட மூன்று மணி நேரம். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல நாள்.

இப்படி எழுதி முடிப்பதற்குள் வசந்தகுமார் மாமா வந்தார். இந்த மராத்தி ஊரில் ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஹிஞ்சேவாடியில் எனக்கு வேலை பார்த்திருக்கிறாராம். டெலிகாலர். தினமும் நூற்றைம்பது பேருக்குப் போன் செய்ய வேண்டும். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள் என்று ஒன்பதாவதோடு நின்றவள் நான். மாமாவுக்கு இது தெரியும்.

"மீன் யாவாரம் ஓடுதுல்லா, அவ எனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்ணே" என்றாள் அம்மா.

"ஓடுத வரைக்கும் சரி" என்றார் மாமா.

அக்டோபர் 9

ஓடவில்லை. கராடியில் இருக்கும் வாடிக்கையாளர் கோகுல்நாத் சார், எங்களிடம் மீன் வாங்குகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டார்: 'காரல் இருட்டில் ஒளிர்கிறது. கெமிக்கல். யாரும் சாப்பிட வேண்டாம்.' மாலைக்குள் எல்லா ஆர்டரும் கேன்சல்.

இருட்டில் ஏன் மீனைப் பார்த்தார்? அம்மா போனில் கேட்டாள். மாடியில் இருக்கும் வீட்டு ஓனர் சுத்த சைவமாம். அதனால் பாத்ரூமில்தான் பாக்கெட்டைப் பிரிப்பாராம். லைட் போட்டால் எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்ந்து சுற்றும், வாடை நேரே ஓனர் ஜன்னலுக்குப் போகும். ஆகவே இருட்டு.

அம்மா அழுதாள். நான் மெதுவாகச் சொன்னேன், "கெமிக்கல் இல்லம்மா. காரல் கழுத்துக்குள்ள ஒரு கிருமி இருக்கு. அதுதான் வெளிச்சம் போடுது."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கரண்ட் போனப்ப பாத்தேன். போன்ல தேடிப் படிச்சேன்."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஏட்டி, சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலியே."

அக்டோபர் 10

அம்மா இதைக் குரூப்பில் வாய்ஸ் மெசேஜாகப் போடச் சொன்னாள். பதினேழு தடவை அழித்தேன். பதினெட்டாவது கைதவறிக் குரூப்புக்குப் போய்விட்டது. அதில் குக்கர் விசில் மட்டும் இருக்கிறது. யாரோ கட்டைவிரல் காட்டியிருக்கிறார்.

அக்டோபர் 11

திங்கட்கிழமை இன்டர்வியூ. மாமா போட்டோ கேட்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

அம்மா என்னைக் கராடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பாத்ரூமில் கோகுல்நாத் சார், அவர் மனைவி கீர்த்தி அக்கா, அம்மா, நான். தட்டில் காலையில் வந்த காரல். லைட் போடாமல் கதவைச் சாத்தினார்கள்.

"எங்க? ஒண்ணும் தெரியலையே" என்றார் சார்.

கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆகும். அதை யாராவது சொல்ல வேண்டும். சொன்னேன். யார் முகமும் எனக்குத் தெரியவில்லை. என் முகமும் அவர்களுக்குத் தெரியாது. இது இவ்வளவு சுலபமா?

பிறகு நிற்கவில்லை. குஞ்சாக இருக்கும்போது காரலுக்கு வெளிச்சம் கிடையாது, கிருமி கடல் தண்ணீரிலிருந்து வந்து குடியேறும் என்றேன். உணவுக்குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி அதற்கு ஓர் இடம். மீன் சாப்பாடு போடும், கிருமி விளக்கு போடும். வயிற்று வெளிச்சம் மேலே இருந்து வரும் வெளிச்சத்தோடு கலந்துவிடுவதால், கீழே இருந்து பெரிய மீன் பார்த்தால் காரலின் நிழல் தெரியாது. அது ஒளிந்துகொள்ளத்தான் இவ்வளவு வெளிச்சமும். நாங்கள் தூத்துக்குடி வழக்கப்படி தலையை எடுக்காமல் கொடுப்பதால் விளக்கும் கூடவே வந்துவிடுகிறது.

"கொதிக்க வச்சா?" என்றார் சார்.

"செத்துரும் சார். அணைஞ்சிரும்."

கழுத்தைக் கீறினேன். மங்கலாக, நீலமாக.

"ஐயோ, இதையா குழம்பு வைக்கிறோம்" என்றார் கீர்த்தி அக்கா.

அப்போது காலிங் பெல். வாசலில் மாடி வீட்டு ஓனரம்மாவின் குரல். "யாரும் மூச்சு விடாதீங்க" என்று சார் கிசுகிசுத்தார். எல்லோரும் சிலையானார்கள். நான் மட்டும் கிருமியின் சாப்பாடு பற்றிப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். என் வாயை ஒருவர் பொத்த வேண்டி வந்தது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 13

குரூப்பில் சார்: 'கெமிக்கல் இல்லை. நேரில் பார்த்தோம். மன்னிக்கவும்.' பதினோரு வீடுகள் தங்கள் பாத்ரூமிலும் வந்து காட்டச் சொல்கின்றன.

மாமாவிடம் அம்மா, "அவளுக்கு நேரம் இல்லண்ணே."

அக்டோபர் 26

இப்போது போனை நான்தான் எடுக்கிறேன். இன்று ஒரு ராங் நம்பர். மராத்தியில் யாரோ கேஸ் சிலிண்டர் கேட்டார். இல்லை என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். அவரிடமே அரைக் கிலோ காரல் ஆர்டர் எடுத்திருக்கிறேன்.