அடுத்த பாயில் படுத்திருந்தவள்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று முட்டை ரொட்டியைக் கருக்கிவிட்டேன். வீட்டுக்காரர் போன பிறகு மூச்சு நெஞ்சோடு நின்றுவிடுகிறது, கீழே இறங்குவதில்லை. மகள் பெய்-சுவான் தைபேயிலிருந்து போனில் கத்தினாள். "அம்மா, யோகா கிளாசுக்குச் சேர்த்து விட்டுட்டேன். எல்லா வகையையும் ஒரு தடவை பாரு. உனக்கு ஒத்து வர்றதைப் பிடிச்சுக்கோ."

சாயங்காலம் சூடான அறை வகுப்புக்குப் போனேன். ஆவிப்பெட்டிக்குள் பன்னை வைத்த மாதிரி. தலை சுற்றி, பாதியில் வெளியே ஓடி வந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

கூரையிலிருந்து துணி கட்டி, அதில் தலைகீழாகத் தொங்குகிறார்கள். எனக்கு ஏறவே முடியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மார்ச் 11, செவ்வாய்

இதுதான். பெங் டீச்சரின் மெதுவான வகுப்பு. தலையணையை அணைத்து ஒரே நிலையில் வெகுநேரம் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் மூச்சு வயிறு வரை போனது!

அடுத்த பாயில் யா-ஹான் என்று ஒரு பெண். ஏழு மாதம். "அக்கா, கொஞ்சம் கை கொடுங்க, கவுந்த ஆமை மாதிரி ஆயிட்டேன்" என்றாள். கொடுத்தேன்.

ஒன்றை எழுதாமல் இருக்கக் கூடாது. உள்ளே போகும் முன், துக்க அடையாளமாகத் தலையில் குத்தியிருந்த வெள்ளைக் கம்பளி நூலை எடுத்துப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். அவருக்கு நூறாம் நாள் ஆகும்வரை அது தலையில் இருக்க வேண்டும். துக்கக்காரி என்று தெரிந்தால் சேர்க்க மாட்டார்களோ என்ற பயம். துக்கத்தோடு கர்ப்பிணி பக்கத்தில் போகவே கூடாது. தெரியும். தெரிந்துதான் கை கொடுத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

நூல் பையிலிருந்து விழுந்துவிட்டது. யா-ஹான்தான் எடுத்தாள். "அக்கா, இது உங்களு—" என்றவள், என்னவென்று பார்த்ததும் கீழே போட்டாள். இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

பின்வரிசை ஹோங் அம்மா விடவில்லை. "ஏம்மா, புள்ளத்தாச்சி பக்கத்துல இதை வச்சுக்கிட்டா படுத்திருந்தே? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே, உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நூலை மட்டும் பொறுக்கிக்கொண்டு, பாயைக்கூடச் சுருட்டாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால்? ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான். எனக்கு மூச்சு வரணும்னு அடுத்தவ வயித்துல கை வச்சுட்டேனே.

யா-ஹான் வீடு பழக்கடைக்குப் பின்னால். மன்னிப்புக் கேட்கப் போனேன். ஆனால் துக்கத்தோடு இன்னொருவர் வாசலை எப்படி மிதிப்பது? எதிர்ப்புறம் நின்றேன். துணி காயப்போட வந்த அவள் மாமியார் என் தலையில் இருந்த நூலைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டு திரும்பிவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

பெங் டீச்சர் போன் செய்தாள். "அக்கா, இன்னிக்கு பவர் யோகா இருக்கு. அதுல கர்ப்பிணிங்க யாரும் இல்லை."

போனேன். தவளை மாதிரி குதிக்கிறார்கள். மூச்சு மறுபடி நெஞ்சில் முட்டியது. செய்த தப்புக்கு எனக்கு இதுதான் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 22, சனி

"எதும்மா பிடிச்சது?" என்றாள் பெய்-சுவான். எதுவுமில்லை என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

பாயை எடுத்து வரத்தான் போனேன். நூல் தலையில் இருந்தது. செருப்பு விடும் இடத்தைத் தாண்டவில்லை. யா-ஹான் எழுந்து வந்தாள். வயிற்றைச் சுற்றி அகலமாக ஒரு சிவப்புத் துணி.

"அங்கேயே நில்லும்மா" என்றேன்.

"எதுக்கு நிக்கணும்? இதைக் கட்டிக்கிட்டு சாவு வீட்டுக்கே போகலாமாம். மாமியார்தான் கட்டி விட்டாங்க. தெருவுல நின்ன அந்தம்மா தானா வராது, நீயே கூப்பிட்டுக்கோன்னாங்க."

ஹோங் அம்மா வந்தாள். "இது என்ன முடிச்சு, பன்றிக்கறி கட்டின மாதிரி!" என்று அவிழ்த்துத் திரும்ப இறுக்கிக் கட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் வழியை விட்டு விலகினாள்.

பழைய இடத்திலேயே படுத்தேன். யா-ஹான் பக்கம் முகத்தைத் திருப்ப முடியவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"அக்கா," என்றாள் மெதுவாக, "அவர் பேரு என்ன?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னேன். அவர் போன பிறகு அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது இன்றைக்குத்தான்.